ஒரு தலையில் மட்டும் பேன் இருப்பதில்லை

“உங்கள் மகளின் தலையில் பேன் அதிகமாக உள்ளது. சுத்தம் செய்து அனுப்பவும்.”

அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடு இல்லாமல் பெண் குழந்தைகளின் டைரியில் ஆண்டுதோறும் எழுதப்படும் குறிப்பு இது. டைரி இல்லாத பள்ளிகளில் வாய்மொழியாக, வகுப்பே கேட்கும்படி சொல்லப்படுகிறது. குறிப்பு ஒரு வீட்டுக்குத்தான் போகும். அதே பெஞ்சில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்காரும் பிள்ளைகளின் வீட்டுக்குப் போகாது. அம்மா அன்றைக்கே மருந்துக் கடைக்கு ஓடுகிறார். ஞாயிற்றுக்கிழமை பூராவும் பிள்ளையை மடியில் சாய்த்து வைத்துத் தலை வாருகிறார். திங்கட்கிழமை காலை பிள்ளை அதே பெஞ்சில், அதே இருவருக்கு நடுவில் போய் உட்காருகிறது. மாதம் முடிவதற்குள் மறுபடியும் குறிப்பு, இம்முறை சிவப்பு மையில்.

கேட்டால், “நாங்க என்னங்க பண்றது, வீட்ல பாக்கணும்” என்பது பள்ளியின் பதில். “நான் எத்தனை தடவதான் எடுக்கிறது, ஸ்கூல்ல இருந்துதான ஒட்டிக்கிட்டு வருது” என்பது தாயின் பதில். இரண்டில் தாய் சொல்வதே உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேன் ஒரு வீட்டுக்குள் அடங்கிய விஷயமல்ல. அது வகுப்பறையின் விஷயம், விடுதியின் விஷயம், ஆகவே அரசின் விஷயம். இதைச் சொன்னால் ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவதாகச் சிரிப்பவர்கள் உண்டு. யாரும் ஆக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் ஈர் தானாகவே பேனாகிவிடுகிறது.

அதன் வாழ்க்கைக் கணக்கைத் தெரிந்துகொண்டால் பள்ளிகள் இப்போது செய்வது ஏன் பலிப்பதில்லை என்பது விளங்கும். தலைப்பேன் எள்ளளவு பூச்சி. ஆறு கால்கள், இறக்கை கிடையாது. பறக்காது, தத்தாது, குதிக்காது. முடியைப் பற்றிக்கொண்டு ஊர்ந்துதான் போகும். ஒரு தலை இன்னொரு தலையைத் தொட்டால் மாறிவிடும்; பரவுவதற்குப் பிரதான வழி இதுதான். சீப்பு, ரிப்பன், தலையணை, துண்டு வழியாகவும் வரலாம், ஆனால் அது குறைவு. காரணம், மனித ரத்தம் கிடைக்காவிட்டால் ஓரிரு நாளில் பேன் செத்துப்போகும். தலையிலேயே இருந்தால் ஏறக்குறைய ஒரு மாதம் உயிரோடு இருக்கும். பெண் பேன் நாளொன்றுக்கு ஆறு முதல் பத்து வரை ஈர் வைக்கும். ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள். பொரித்த குஞ்சு வளர்ந்து ஈர் வைக்க மேலும் 9 முதல் 12 நாள்.

இன்னொரு கணக்குதான் முக்கியமானது. முதல்முறை பேன் தொற்றிய பிள்ளைக்கு அரிப்பு தொடங்கவே நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். பேனின் எச்சில் உடம்புக்கு ஒவ்வாமல் போவதால் வருவது அந்த அரிப்பு. ஒவ்வாமை உண்டாக நாளாகும். அதாவது ஒரு சிறுமி தலையைச் சொறிவதை ஆசிரியை கவனிக்கும் நாளில், அவள் தலைக்குப் பேன் வந்து ஒரு மாதம் ஆகியிருக்கக்கூடும். அந்த ஒரு மாதமும் அவள் தோழிகளோடு தலை முட்டப் படித்திருக்கிறாள், பாண்டி ஆடியிருக்கிறாள், மதிய உணவு வரிசையில் நின்றிருக்கிறாள். அதற்குப் பிறகு அவளை மட்டும் கடைசி பெஞ்சுக்கு மாற்றுவதில் யாருக்கு என்ன லாபம்? பேன் ஏற்கெனவே ஊர்ந்து போய்விட்டது. அவளுக்கு அவமானம் மட்டும் மிச்சம்.

அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் பல ஆண்டுகளாக ஒரே விஷயத்தைச் சொல்லிவருகிறது: பேன் இருப்பதற்காக எந்தக் குழந்தையையும் பள்ளியைவிட்டு நிறுத்தக் கூடாது. தலைப்பேன் நோயைப் பரப்புவதில்லை. டைஃபஸ் காய்ச்சலைப் பரப்பியது உடையில் குடியிருக்கும் உடற்பேன்; அது வேறு. தலைப்பேனால் வரும் கேடு சொறிவதால் வருவது. நகம் பட்டுத் தோல் கிழிந்து, சீழ் பிடித்து, பிடரியில் நெறி கட்டும். ராத்திரித் தூக்கம் கெடும். மறுநாள் பிள்ளை வகுப்பில் தூங்கி வழியும். அதற்கும் சேர்த்துத் திட்டு விழும்.

எங்கே பார்ப்பது என்பதிலும் பள்ளிகளில் தவறு நடக்கிறது. நடுவகிடைப் பார்த்து “ஒண்ணும் இல்ல” என்று விட்டுவிடுவதும் உண்டு, சடைநுனியில் வெள்ளையாகத் தெரிவதைப் பார்த்து அலறுவதும் உண்டு. இரண்டும் சரியில்லை. காதுக்குப் பின்புறமும் பிடரி ஓரமும்தான் பேனுக்குப் பிடித்த இடங்கள். பேனை நேரில் காண்பது கடினம், வெளிச்சம் பட்டால் ஓடிவிடும். ஈர்தான் அடையாளம். பொடுகை ஊதினால் பறக்கும், விரலால் தள்ளினால் நகரும். ஈர் முடியோடு பசை போட்டு ஒட்டியிருக்கும், நகத்தால் உருவினால்தான் வரும். உயிருள்ள ஈர் தலைத்தோலிலிருந்து அரை சென்டிமீட்டர் தூரத்துக்குள், பழுப்பு நிறத்தில் இருக்கும், அவ்வளவு சுலபமாகக் கண்ணில் படாது. தூரத்திலிருந்தே பளிச்சென்று வெள்ளையாகத் தெரிபவை பெரும்பாலும் குஞ்சு வெளியேறிப்போன வெற்று ஓடுகள். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்வதால் அந்த ஓடுகள் முடியோடு சேர்ந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். மருந்து போட்டுப் பேன் முழுக்கச் செத்துப்போன பிள்ளையின் தலையிலும் மாதக்கணக்கில் அவை தெரியும். அந்த ஓட்டைப் பார்த்துத்தான் பல பிள்ளைகளுக்கு “இன்னும் சுத்தம் பண்ணலையா?” என்ற கேள்வி.

சுத்தம் என்ற பேச்சே இங்கே பொருந்தாது. பேனுக்குத் தேவை முடியும் ரத்தமும். நேற்று சீயக்காய் போட்டுக் குளித்த தலையும் ஒரு வாரம் குளிக்காத தலையும் அதற்கு ஒன்றுதான். தண்ணீரில் மூழ்கினாலும் முடியை இறுகப் பற்றிக்கொண்டு மணிக்கணக்கில் தாங்கும். குளிரூட்டிய வகுப்பறை உள்ள பள்ளிகளிலும் பேன் உண்டு. அங்கே அது ரகசியமாக இருக்கிறது, அவ்வளவுதான். அரசுப் பள்ளியில் அது பகிரங்கம். யாரை முதலில் சந்தேகிப்பது, யார் தலையை எல்லோர் முன்னாலும் பார்ப்பது, யாரைத் தனியே உட்கார வைப்பது என்று வரும்போது வறுமையைப் பார்க்கிறார்கள், சேரியைப் பார்க்கிறார்கள். பேன் என்ற சாக்கில் சாதியும் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதைப் பூசி மெழுகிச் சொல்ல முடியாது.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல்ரீதியான தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. வகுப்பு முன்னால் நிறுத்திச் சடையைப் பிரித்துக் காட்டுவது, தாயிடம் கேட்காமல் முடியை வெட்டுவது, “மொட்டை போட்டுக் கூட்டிட்டு வா” என்று மிரட்டுவது எல்லாம் அந்தப் பிரிவுக்குள் வருகிறவையே. சமயபுரத்துக்கோ பழனிக்கோ நேர்ந்துகொண்டு மொட்டை போடுவது குடும்பத்தின் விருப்பம். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குப் பள்ளி கட்டளையிட்டு மொட்டை போடச் சொல்வது வேறு.

தாய்மார்கள் பக்கம் வருவோம். பேன் எடுப்பது ஒரு காலத்தில் பகல் நேரத்து வேலையாக இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து திண்ணையில் பெண்கள் ஒருவர் பின்னால் ஒருவராக உட்கார்ந்து, பாட்டி மகளுக்கும் மகள் பேத்திக்கும் பார்ப்பார்கள். ஈர்வாங்கி, ஈருளி என்று ஊருக்கு ஒரு பெயர் கொண்ட அந்த நெருக்கமான பல் வைத்த சீப்பு எல்லா வீட்டிலும் இருந்தது. இழுத்து வந்த பேனைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து ‘டக்’கென்று நசுக்கும் சத்தம் வரும்வரை கை நிற்காது. அந்தப் பகல் இன்றைக்கு அந்தப் பெண்களின் கையில் இல்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கும் போகும் அம்மா விடியற்காலையில் புறப்பட்டு விளக்கு வைத்த பிறகு திரும்புகிறார். டியூப்லைட் வெளிச்சத்தில் பழுப்பு ஈர் தெரியுமா? சூரிய வெளிச்சத்திலேயே கண்ணாடி போட்டால்தான் தெரியும். பாட்டி வேறு ஊரில். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம், அதில் துணி துவைக்க வேண்டும், ரேஷன் கடைக்குப் போக வேண்டும், மூன்று பிள்ளைகளின் தலையும் பார்க்க வேண்டும். இந்தப் பெண்ணிடம் போய் ‘அக்கறை இல்லாத தாய்’ என்று எழுதி அனுப்புகிறோம்.

நேரம் இல்லாதவர் குறுக்கு வழி தேடுவார். அதில்தான் ஆபத்து.

சீதாப்பழக் கொட்டையை அரைத்துத் தலையில் பூசுவது தென்மாவட்டங்களிலும் கேரளத்திலும் பழைய வழக்கம். பேன் சாகும், உண்மை. குளிக்கும்போது அந்தப் பொடி வழிந்து கண்ணில் விழுந்தால் கருவிழி புண்ணாகிவிடும்; தாங்க முடியாத வலியோடு, கண்ணைத் திறக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிவரும். கண் மருத்துவர்களுக்குப் பழகிய கேஸ் இது. அப்படி விழுந்துவிட்டால் கசக்காமல், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் போக வேண்டும். மண்ணெண்ணெய் தடவிவிட்டுப் பிள்ளையை அடுப்படியில் உட்கார வைப்பது தீயோடு விளையாடுவது. கரப்பானுக்குக் கோடு போடும் சாக்பீஸைத் தலையில் தேய்ப்பவர்கள், வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தில் ஒரு மூடி கலப்பவர்கள் இருக்கிறார்கள்; அது தோல் வழியாக உள்ளே போகும், குழந்தையைக் கொல்லவும் செய்யும். பாச்சை உருண்டையைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துத் தடவுவதும் கூடாது. பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் நெடிகூட ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்தக் குறைபாடு தன் பிள்ளைக்கு இருக்கிறதா என்று எந்தத் தாய்க்கு முன்கூட்டித் தெரியும்? வேப்பிலை அரைத்துப் பூசுவதும் தலையணைக்குக் கீழே துளசி வைப்பதும் கெடுதல் செய்யாது. ஆனால் அதற்குப் பிறகு உட்கார்ந்து வாருகிற வாரல்தான் வேலை செய்கிறது, இலை அல்ல.

பலிக்கிற வழி ஒன்றும் புதிதல்ல, நம் பாட்டிமார் வழியேதான். கொஞ்சம் ஒழுங்கு சேர்த்தால் போதும். தலையை நனைத்துக் கண்டிஷனரோ தேங்காய் எண்ணெயோ தாராளமாகத் தடவ வேண்டும். வழுக்கலில் பேன் ஓடாது, சிக்கும் இழுக்காது. முடியைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்து, பேன் சீப்பை வேரில் வைத்து நுனிவரை ஒரே இழுப்பு. இழுக்கும் ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். கறுப்பாக ஏதாவது நெளிந்தால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். உலோகப் பல் வைத்த சீப்பு பிளாஸ்டிக்கைவிட நல்லது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, குறைந்தது இரண்டு வாரம் இப்படிச் செய்ய வேண்டும். மருந்து வேண்டுமென்றால் ஒரு சதவீத பெர்மெத்ரின் லோஷன், பத்து நிமிடம் வைத்துக் கழுவுவது. அது பேனைக் கொல்லும், ஈரை முழுதாகக் கொல்லாது. அதனால் ஒன்பது நாள் கழித்து இரண்டாம் முறை போட்டே ஆக வேண்டும். பொரித்த குஞ்சுகள் ஈர் வைக்கும் வயதுக்கு வருமுன் பிடித்துவிட அந்தக் கணக்கு. முதல் முறை போட்டதும் ‘போயிடுச்சு’ என்று நிறுத்திவிடுவதுதான் நம் வீடுகளில் நடப்பது. ஐவர்மெக்டின் மாத்திரையும் உண்டு, ஆனால் அது டாக்டர் எடை பார்த்து எழுதித்தர வேண்டியது, 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்குக் கிடையாது.

வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்றும் மருத்துவர்கள் சொல்வார்கள். மூன்று பெண் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் ஆளுக்கு ஒரு பாட்டில், இரண்டு சுற்றுக்கு ஆறு பாட்டில். இடுப்பு வரை முடி இருந்தால் அதுவும் போதாது. தினக்கூலி வீட்டில் இது நடக்கிற காரியமா? நடந்தாலும் வகுப்பில் மற்றவர்கள் செய்யாவிட்டால் காசு தண்ணீரில் போனதுதான்.

இங்கேதான் அரசிடம் கேட்க வேண்டியிருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும், குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. 2015-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை தரப்படுகிறது. அன்று வராதவர்களுக்கென்று சில நாள் கழித்து இன்னொரு நாளும் இருக்கிறது. எந்தப் பிள்ளையின் வயிற்றில் புழு இருக்கிறது என்று வகுப்பில் கேட்டு எழுப்பி நிறுத்துவதில்லை, யார் அம்மாவையும் திட்டுவதில்லை. வயிற்றுப் புழுவுக்குக் கிடைத்த மரியாதை தலைப்பேனுக்குக் கிடைக்கவில்லை.

பள்ளிக் குழந்தைகளின் உடல்நலத்தைப் பார்க்கவே ஒரு திட்டம் 2013 முதல் இருக்கிறது: ஆர்.பி.எஸ்.கே. என்று சுகாதாரத் துறையினர் சொல்வது. மருத்துவக் குழு வண்டியில் வந்து ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும். அந்தத் தேசியத் திட்டத்தின் அடிப்படைப் பட்டியலில் முப்பது குறைபாடுகள். தோல் என்ற தலைப்பில் சொறிசிரங்கு இருக்கிறது, படை இருக்கிறது, எக்ஸிமா இருக்கிறது. பேன் இல்லை. பட்டியலில் இல்லாததற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது, கட்டம் இல்லாததற்கு எண்ணிக்கை கிடையாது, எண்ணிக்கை இல்லாததற்கு மருந்து ஒதுக்கீடு எப்படி வரும்? பக்கத்தில் இலங்கையில் பள்ளி மருத்துவப் பரிசோதனையின் காலாண்டு அறிக்கையில் பேன் தொல்லைக்குத் தனி இடம் உண்டு. கடல் தாண்டினால் முடிகிற காரியம் இங்கே ஏன் முடியவில்லை?

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். பள்ளியில் தலை பார்ப்பதால் பேன் குறைவதில்லை என்று மேலே சொன்ன அமெரிக்கக் கழகமே சொல்கிறது என்பார்கள். வாஸ்தவம்தான். பார்த்து, பட்டியல் எழுதி, வீட்டுக்கு அனுப்பிவிடுகிற பரிசோதனையால் ஒரு பயனும் இல்லை. நாம் இப்போது செய்துகொண்டிருப்பதும் ஏறக்குறைய அதுதான். சீப்பும் மருந்தும் கையில் கொடுக்காமல் தலையைப் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம். அதேபோல, குடற்புழு மாத்திரை மாதிரி எல்லோருக்கும் மருந்தைத் தடவிவிடவும் கூடாது; உயிருள்ள பேன் இருக்கும் தலைக்கு மட்டுமே மருந்து. பார்ப்பது எல்லோர் தலையையும், ஒரே நாளில், பையன்களையும் சேர்த்து.

இதை ஆசிரியர்கள் தலையில் கட்டக் கூடாது. எமிஸ் இணையதளப் பதிவேற்றத்திலிருந்து தேர்தல் வேலைவரை ஏற்கெனவே அவர்களுக்குப் பாரம் அதிகம். கிராம சுகாதார செவிலியர் ஒரு நாள் வந்து, காலை உணவு சமைக்கும் சுயஉதவிக் குழுப் பெண்களுக்கும் விருப்பமுள்ள தாய்மார்களுக்கும் சொல்லிக்கொடுத்தால் போதும், சீப்புப் பிடிக்க அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தனி அறை ஒன்று, ஜன்னலோரம் வெளிச்சம் வேண்டும். கரும்பலகையில் பெயர் எழுதக் கூடாது. கடிதம் வகுப்பிலுள்ள எல்லாப் பெற்றோருக்கும் ஒரே மாதிரி போக வேண்டும். பேன் கண்ட பிள்ளையின் வீட்டுக்கு ஒரு சீப்பு, ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து இரண்டு சுற்றுக்கான மருந்து. புத்தகம், சீருடை, காலணி, பை என்று விலையில்லாமல் கொடுக்கத் தெரிந்த மாநிலம் இது. வளரிளம் பெண்களுக்கு நாப்கின் கொடுக்கத் தொடங்கிப் பல ஆண்டாகிறது. பேச வெட்கப்பட்ட விஷயத்தைக் கையில் பொட்டலமாகக் கொடுத்துப் பேச வைத்தார்கள். ஒரு சீப்பு அதைவிடவா சிரமம்?

அரசு மாணவியர் விடுதிகளை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பாயோடு பாய் ஒட்டிப் படுக்கும் அறைகளில் ஒரு பிள்ளைக்கு வந்தால் ஒரு மாதத்தில் அறை முழுக்க. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தம்பி தங்கைக்கும் கொண்டுபோகும். விடுதியில் தாயும் இல்லை, திண்ணையும் இல்லை. எண்ணெய், சோப்புக்குத் தரும் சிறு தொகையில் பேன் மருந்து வாங்க முடியாது. காப்பாளரின் பதிவேட்டில் தலைப் பரிசோதனை என்று மாதம் ஒரு வரி எழுத வைப்பதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

பெற்றோர் காத்திருக்கவும் வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். இதைத் தீர்மானமாகக் கொண்டுவர அந்தக் குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது. கிராம சபையிலும் எழுப்பலாம். பேனைச் சொல்லிப் பிள்ளையை அவமானப்படுத்தினால் 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்கோ 1098-க்கோ சொல்லலாம். இதற்காகச் சென்னையிலிருந்து அரசாணை வரும்வரை ஒரு பள்ளி சும்மா இருக்க வேண்டிய அவசியமும் இல்லை: கோடை விடுமுறையில் அத்தை வீடு, சித்தி வீடு என்று சுற்றிவிட்டுப் பிள்ளைகள் வந்து சேர்ந்த பிறகு, ஜூலை முதல் வாரத்தில் ஒரு திங்கட்கிழமையைக் குறித்துக்கொள்ளலாம். இரண்டாம் சுற்று அடுத்த வாரம் புதன்கிழமை வரும். இரண்டுமே பள்ளி வேலைநாள்கள்.